ஆர் மொழியில் இரண்டு வரிசைகளை ஜோடி சேர்ப்பது எப்படி?

பைத்தானில் கொஞ்ச நாள் புழங்கிவிட்டு ஆர் பக்கம் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே தேடுவது ஜிப்பைத்தான். இரண்டு லிஸ்ட்டைக் கொடுத்தால் முதலாவதோடு முதலாவதையும், இரண்டாவதோடு இரண்டாவதையும் கோத்துத் தருமே, அந்த ஜிப். ஆரிலும் ஜிப் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது கோப்புகளைச் சுருக்கி மூட்டை கட்டுகிற ஜிப். அதற்கு இரண்டு வெக்டரை, அதாவது ஒரே வகை மதிப்புகளின் வரிசையை, கொடுத்துவிட்டு முழித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த வேலைக்கென்று தனி ஃபங்ஷன் பெரும்பாலும் தேவைப்படாது, ஏனென்றால் ஆரில் எதை எடுத்தாலும் வெக்டர்தான், இரண்டு வெக்டரை அருகருகே வைத்தாலே அது தானாக ஜோடி சேர்த்துவிடும். வசதியும் அதுதான், வம்பும் அதுதான். தப்பான ஜோடியையும் அதே சிரத்தையோடு, ஒரு வார்த்தை சொல்லாமல், சேர்த்துக் கொடுத்துவிடும்.

தொடங்கும் முன் ஒன்று. ஃபங்ஷன் பெயர்களையும் மாறிகளின் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், கன்சோலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன், ஆருக்குச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு.

முதலில் எந்த ஜோடி?

"ஜோடி சேர்க்கணும்" என்று சொல்லும்போது நாம் மூன்று வெவ்வேறு வேலைகளில் ஒன்றைச் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் இரண்டு வரிசையாக நிற்கவைத்துப் பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடித்துக்கொண்டு நட என்பார்களே, அது இடத்தைப் பார்த்துச் சேர்ப்பது. ஒரு கபடிப் போட்டியில் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணியோடும் மோதுவது இன்னொன்று. கல்யாண வீட்டில் மொய் நோட்டையும் அழைப்புப் பட்டியலையும் வைத்துக்கொண்டு பெயர் பார்த்து ஒப்பிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் ஃபங்ஷன் வேறு, விடையின் நீளமும் வேறு. உங்களுக்கு வேண்டியது எது என்று ஒரு தாளில் மூன்று வரி கையால் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் கீபோர்டைத் தொடுங்கள். இது சோம்பேறித்தனமாகத் தெரியலாம், ஆனால் பாதி நேரம் இதிலேயே மிச்சமாகும்.

இடத்தைப் பார்த்துச் சேர்ப்பது

ஆரைத் திறந்தவுடனே சில வெக்டர்கள் கையில் தயாராக இருக்கும், எதையும் இறக்க வேண்டாம். மந்த்.நேம் என்று தட்டினால் ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை 12 பெயர்கள் வரும். அதற்கு ஜோடியாக மாதங்களின் நாட்களை நாமே செய்துகொள்வோம்:

டேஸ் <- சி(31, 28, 31, 30, 31, 30, 31, 31, 30, 31, 30, 31)

இந்த 'சி' என்பது பல மதிப்புகளைச் சேர்த்து ஒரே வெக்டராக்கும் ஃபங்ஷன். அம்புக்குறி, வலப்பக்கம் இருப்பதை இடப்பக்கப் பெயரில் வைக்கிறது.

வெறும் கணக்கு என்றால் லூப் எதுவும் வேண்டாம். சி(10, 20, 30) + சி(1, 2, 3) என்று எழுதினால் 11 22 33 வரும். கழித்தல், பெருக்கல், ஒப்பீடு எல்லாமே இப்படித்தான், ஜோடி ஜோடியாக நடக்கும். இரண்டில் பெரியது எது என்று ஒவ்வொரு ஜோடியிலும் கேட்க வேண்டுமானால் மேக்ஸ் அல்ல, பிமேக்ஸ். சி(3, 9), சி(5, 2) இரண்டையும் மேக்ஸிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி 9 என்று ஒற்றை எண் சொல்லும், பிமேக்ஸிடம் கொடுத்தால் 5 9 என்று ஜோடிவாரியாகச் சொல்லும்.

எழுத்துகளை ஒட்ட வேண்டுமானால் பேஸ்ட். பேஸ்ட்(மந்த்.நேம், டேஸ்) என்றால் மாதப் பெயரும் நாளும் நடுவில் ஓர் இடைவெளியோடு ஒட்டி வரும். இடைவெளி வேண்டாம் என்றால் பேஸ்ட்0, அதாவது பேஸ்ட்டின் வாலில் ஒரு சுழியம்.

அட்டவணையாக வேண்டுமா? டேட்டா.ஃபிரேம்(மந்த்.நேம், டேஸ்) போதும், 12 வரி, 2 நெடுவரிசை. புதிதாக வருகிறவர்கள் சிபைண்டையும் இதற்குப் பயன்படுத்திப் பார்ப்பார்கள், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டு வெறும் வெக்டர்களைக் கொடுத்தால் சிபைண்ட் செய்து தருவது மேட்ரிக்ஸ், அதற்குள் ஒரே வகைத் தரவுதான் இருக்க முடியும். மாதப் பெயர் எழுத்து என்பதால் 31 என்ற எண்ணும் மேற்கோள் குறிக்குள் போய் "31" ஆகிவிடும், நாளைக்கு அதைக் கூட்டப் போனால் எரர். எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால் டேட்டா ஃபிரேம்தான்.

நீளம் ஒத்துவராதபோது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். ஒரு வெக்டர் சின்னதாக இருந்தால் பைத்தானின் ஜிப் சின்னது முடிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளும். ஆர் அப்படிச் செய்யாது. சின்னதை மறுபடி முதலிலிருந்து ஓட்டும், இதற்கு ரீசைக்கிளிங் என்று பெயர். 1:12 என்றால் 1 முதல் 12 வரை என்று பொருள், 1:12 + 1:4 என்று தட்டிப் பாருங்கள்:

2 4 6 8 6 8 10 12 10 12 14 16

ஐந்தாவது இடத்தைக் கவனியுங்கள். 5 உடன் சேர்ந்தது 1, அதாவது சின்ன வெக்டர் திரும்பத் தலையிலிருந்து தொடங்கிவிட்டது. 4 என்பது 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் என்பதால் எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை. அதே இடத்தில் 1:5 போட்டால் விடையையும் கொடுத்துவிட்டு, பெரியதன் நீளம் சின்னதன் மடங்காக இல்லையே என்று ஒரு வார்னிங் சொல்லும். மீதி வந்தால்தான் வாயைத் திறக்கும், மீதி வராவிட்டால் நீங்கள் வேண்டுமென்றேதான் அப்படிக் கொடுத்தீர்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்றால், ஆரில் தனி எண் என்று ஒன்றே கிடையாது. 5 என்பதும் நீளம் 1 உள்ள வெக்டர்தான். டேஸ் * 24 என்று எழுதினால் 24 பன்னிரண்டு தடவை சுற்றி வருவதால்தான் எல்லா மாதத்துக்கும் மணிக்கணக்கு கிடைக்கிறது. அந்த வசதிக்கான விதியே நீளம் 4-க்கும் 6-க்கும் பொருந்துகிறது. இது ஆர் புதிதாகக் கண்டுபிடித்த குணம் இல்லை. 1970-களில் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய எஸ் மொழியின் வழியில், 1990-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் செய்ததுதான் ஆர். முழு வெக்டரையும் ஒரே பொருளாகப் பார்க்கும் பழக்கம் அந்த வம்சத்தில் வந்தது.

சரி, எல்லா ஃபங்ஷனும் ஒரே மாதிரி நடந்துகொண்டாலாவது பரவாயில்லை. பேஸ்ட்டுக்கு மீதி வந்தாலும் கவலையில்லை, 12-ஐயும் 5-ஐயும் கொடுத்தால் சத்தமில்லாமல் ஒட்டித் தரும். டேட்டா.ஃபிரேம் கொஞ்சம் கறார், 12-க்கு 5 கொடுத்தால் வரி எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று எரர் போட்டு நின்றுவிடும், ஆனால் 12-க்கு 4 கொடுத்தால் அதுவும் மூன்று சுற்று சுற்றிக்கொள்ளும். டிபிள் என்ற தொகுப்பு இதைவிடக் கறார், நீளம் 1 மட்டும்தான் சுற்றலாம், வேறு எதுவானாலும் எரர். எனக்கு அந்தக் கறார்தான் பிடிக்கும். வெக்டர் காலியாக இருந்தால் இன்னும் விசேஷம்: 1:3 உடன் நீளம் 0 உள்ள எண் வெக்டரைக் கூட்டினால் விடையும் காலி. ஃபில்டர் போட்டதில் எதுவுமே மிஞ்சாமல் போன நாளில் இது நடக்கும், ஏன் ஒன்றுமே வரவில்லை என்று அரை மணி நேரம் தேடுவீர்கள்.

அதனால் ஜோடி சேர்க்கிற வரிக்கு மேலே காவலுக்கு இந்த ஒரு வரியைப் போட்டுவிடுங்கள்:

ஸ்டாப்இஃப்நாட்(லெங்த்(ஏ) == லெங்த்(பி))

நீளம் சமம் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். ஸ்டாப், இஃப், நாட் மூன்றையும் இடைவெளி விடாமல் சேர்த்து எழுத வேண்டும், சமக்குறி இரண்டு.

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்ட

கூட்டல் கழித்தலுக்கு மேலே போனால் எல்லா ஃபங்ஷனும் முழு வெக்டரை ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளாது. உதாரணமாக நீங்களே எழுதிய ஃபங்ஷனுக்குள் ஓர் இஃப் இருக்கிறது என்று வையுங்கள். இஃப்புக்கு ஒரே ஒரு ஆமாம் அல்லது இல்லைதான் வேண்டும், 12 கொடுத்தால் குழம்பும். முன்பெல்லாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு வார்னிங்கோடு போய்க்கொண்டிருந்தது, 4.2.0 பதிப்பிலிருந்து நேராக எரர். நல்லதுதான்.

இந்த இடத்துக்கு மேப். எம் பெரிய எழுத்து, அதை மறக்காதீர்கள். முதலில் ஃபங்ஷன், அப்புறம் வரிசைகள்:

மேப்(செக், சி(1, 10), சி(3, 14))

செக் (எஸ், இ, க்யூ என்ற மூன்றெழுத்து) என்பது ஓர் எண்ணில் தொடங்கி இன்னொன்றில் முடிகிற வரிசையைத் தரும். முதல் ஜோடி 1, 3 என்பதால் 1 2 3, இரண்டாவது ஜோடி 10, 14 என்பதால் 10 11 12 13 14. நீளம் வேறு வேறு என்பதால் விடை லிஸ்ட்டாக வருகிறது, மேப் எப்போதும் லிஸ்ட்டாகத்தான் தரும்.

மேப்பின் அண்ணன் எம்அப்ளை. வேலை அதேதான், ஆனால் விடையை முடிந்தவரை சுருக்கிக் கொடுக்கப் பார்க்கும்: எல்லா விடையும் ஒற்றை எண் என்றால் வெக்டர், எல்லாம் ஒரே நீளம் என்றால் மேட்ரிக்ஸ், இல்லாவிட்டால் லிஸ்ட். கன்சோலில் விளையாடும்போது இது வசதி. ஆனால் தினமும் தானாக ஓடப்போகிற ஸ்கிரிப்டில் இன்றைக்கு வெக்டர், நாளைக்கு லிஸ்ட் என்று வந்தால் தலைவலி. அங்கே மேப்பை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எம்அப்ளையில் சிம்ப்ளிஃபை என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், அந்த இரண்டு சொல்லும் முழுக்கப் பெரிய எழுத்து. டைடிவெர்ஸ் என்ற தொகுப்புக் குடும்பத்தைப் பழகியவர்கள் பர் தொகுப்பில் இருக்கும் மேப்2-ஐ எடுப்பார்கள், அதில் வரிசைகள் முன்னால், ஃபங்ஷன் பின்னால். இங்கேயும் நீளம் 1 மட்டும்தான் சுற்றும்.

ஒன்றுவிட்டு ஒன்று கோப்பது

பூக்கட்டும்போது மல்லிக்கு நடுநடுவே கனகாம்பரம் வைப்பது போல, ஏயில் ஒன்று, பியில் ஒன்று, மறுபடி ஏயில் ஒன்று என்று ஒரே வெக்டராக வேண்டும். லூப் எழுதி இரண்டு எண்ணியை வைத்துக்கொண்டு அல்லாடுவார்கள். ஒரே வரி போதும்:

சி(ஆர்பைண்ட்(ஏ, பி))

ஏ 1 2 3 என்றும் பி 10 20 30 என்றும் இருந்தால் விடை 1 10 2 20 3 30. எப்படி என்றால், ஆர்பைண்ட் முதலில் மேல் வரியில் 1 2 3, கீழ் வரியில் 10 20 30 என்று ஒரு மேட்ரிக்ஸ் கட்டுகிறது. ஆர் மேட்ரிக்ஸை நினைவகத்தில் வைப்பது நெடுவரிசை நெடுவரிசையாக, அதாவது முதல் நெடுவரிசையை மேலிருந்து கீழாக, அப்புறம் அடுத்தது. வெளியே இருக்கிற சி அந்த மேட்ரிக்ஸ் வடிவத்தை உதறிவிட்டு உள்ளே இருந்த வரிசையை அப்படியே தருகிறது. முதல் நெடுவரிசையில் இருப்பது 1, 10. அடுத்ததில் 2, 20. ஆர்பைண்டுக்குப் பதில் சிபைண்ட் போட்டால் 1 2 3 10 20 30 என்று வந்துவிடும், இரண்டையும் ஒருமுறை தட்டிப் பார்த்தால் மேட்ரிக்ஸ் பற்றிய சந்தேகம் பாதி தீர்ந்துவிடும்.

எல்லாவற்றோடும் எல்லாம்

எக்ஸ்பேண்ட்.கிரிட்(ஏ, பி) என்றால் சாத்தியமான எல்லா ஜோடியும் அட்டவணையாக வரும். ஏயில் 3, பியில் 4 என்றால் 12 வரி. முதலில் கொடுத்தது வேகமாக மாறும், இரண்டாவது மெதுவாக. எழுத்துகளைக் கொடுத்தால் அது ஃபேக்டர் (வகைப்பெயர்களாக வைக்கும் தரவு) ஆக்கிவிடும், டேட்டா.ஃபிரேம் 4.0.0 பதிப்பில் விட்டுவிட்ட அந்தப் பழக்கத்தை இது இன்னும் விடவில்லை. வேண்டாம் என்றால் ஸ்ட்ரிங்ஸ்ஆஸ்ஃபேக்டர்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும், அதில் ஆஸின் ஏயும் ஃபேக்டர்ஸின் எஃப்பும் பெரிய எழுத்து. அளவையும் யோசித்துக்கொள்ளுங்கள், ஆயிரத்துக்கு ஆயிரம் போட்டாலே பத்து லட்சம் வரி.

கபடி விஷயத்துக்கு இது சரிவராது. 5 அணிக்கு இதைப் போட்டால் 25 ஜோடி வரும், ஏனென்றால் ஓர் அணி தன்னோடு தானே மோதுவதும், ஒரே ஜோடி திருப்பி வருவதும் அதில் அடக்கம். அங்கே வேண்டியது காம்ப்ன் (காம்பினேஷனின் முதல் நான்கு எழுத்து, வாலில் ஓர் என்), அணிப் பெயர்களின் வெக்டரையும் 2 என்பதையும் கொடுத்தால் 10 ஆட்டம், ஒவ்வொரு நெடுவரிசையும் ஓர் ஆட்டம்.

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கணக்கு போட்டு விடையைக் கட்டமாக வைக்க வேண்டுமானால் அவுட்டர். அவுட்டர்(1:10, 1:10) என்று தட்டினால் பெருக்கல் வாய்ப்பாடு முழுதாக வந்து நிற்கும். மூன்றாவதாக வேறு ஃபங்ஷனையும் கொடுக்கலாம், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: அவுட்டர் உங்கள் ஃபங்ஷனை ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகக் கூப்பிடாது, எல்லா ஜோடியையும் இரண்டு நீள வெக்டராக விரித்து ஒரே ஒரு தடவைதான் கூப்பிடும். 1:3, 1:4 இரண்டோடு மேக்ஸைக் கொடுத்தால், 12 விடை எதிர்பார்த்த இடத்தில் ஒற்றை எண் வந்து, அளவு பொருந்தவில்லை என்று எரர் விழும். பிமேக்ஸ் கொடுங்கள், சரியாக வரும். சொந்த ஃபங்ஷன் என்றால் வெக்டரைஸ் என்பதற்குள் போட்டுக் கொடுங்கள், அதில் முதல் வி பெரிய எழுத்து.

பெயரைப் பார்த்துச் சேர்ப்பது

நான் சூடுபட்ட இடம் இது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கு ஒரு கோப்பில் மக்கள்தொகை, இன்னொரு கோப்பில் மழை அளவு. இரண்டிலும் 38 வரி, இரண்டிலும் முதல் வரி அரியலூர். சரிதான் என்று இடத்தைப் பார்த்து ஒட்டிவிட்டேன். ஸ்டாப்இஃப்நாட் கூடப் போட்டிருந்தேன், நீளம் சமம்தானே, அது பேசாமல் விட்டுவிட்டது. வரைபடம் வரைந்து பார்த்தால் நீலகிரி வறண்டு கிடக்கிறது. அப்புறம்தான் உறைத்தது: ஒரு கோப்பு ஆங்கில அகரவரிசையில், அரியலூருக்கு அடுத்து செங்கல்பட்டு. மற்றது தமிழ் அகரவரிசையில், அரியலூருக்கு அடுத்து இராணிப்பேட்டை. முதல் வரி மட்டும் பொருந்தி என்னை ஏமாற்றியிருந்தது.

பெயர் என்று ஒன்று இரண்டு பக்கமும் இருக்கிறது என்றால் இடத்தை நம்பாதீர்கள். மேட்ச் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஏயில் மதுரை, சேலம், தேனி, பியில் தேனி, மதுரை, சேலம் என்று இருந்தால் மேட்ச்(ஏ, பி) தருவது 2 3 1. அதாவது ஏயில் முதலாவதாக இருக்கிற மதுரை பியில் 2-வது இடத்தில், சேலம் 3-வதில், தேனி 1-ல். பி வரிசையில் இருக்கிற மழையை ஏ வரிசைக்குக் கொண்டுவர, ரெயின்[மேட்ச்(ஏ, பி)] என்று சதுர அடைப்புக்குள் போட்டால் முடிந்தது. எது முன்னால், எது பின்னால் என்று எனக்கு இன்னமும் குழப்பம் வரும், நான் வைத்திருக்கும் கணக்கு இது: எந்த வரிசையில் விடை வேண்டுமோ அது முன்னால்.

கிடைக்காத பெயருக்கு என்.ஏ., அதாவது மதிப்பு இல்லை என்ற குறி, வரும். எத்தனை என்.ஏ. என்று எண்ணிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். எந்தப் பெயர் பொருந்தவில்லை என்று பார்க்க செட்டிஃப்(ஏ, பி), அப்புறம் திருப்பி செட்டிஃப்(பி, ஏ), இரண்டு பக்கமும். செட், டிஃப் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம் திருச்சி, மறுபக்கம் திருச்சிராப்பள்ளி என்று இருக்கும், அல்லது வாலில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். இடைவெளிக்கு ட்ரிம்டபிள்யூஎஸ்.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு தொல்லை. கோயம்புத்தூர் இரண்டு பக்கமும் அப்படியே ஒரே எழுத்துகளாகத் தெரியும், ஆனால் மேட்ச் ஆகாது. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, இரட்டைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக வருவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான், ஆனால் என்சார் போட்டு எண்ணச் சொன்னால் ஒன்று 2, மற்றது 3 என்று காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ட்ரிங்ஐ தொகுப்பில் இருக்கும் என்.எஃப்.சி. மாற்றியில் இரண்டு பக்கத்தையும் போட்டெடுத்தால் ஒன்றாகிவிடும். விண்டோஸில் பழைய ஆர் வைத்திருந்தால் தமிழ் எழுத்துக்குப் பதில் குறியீட்டு எண்களாகக் கன்சோலில் கொட்டும், 4.2.0-க்குப் பிந்தைய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், அதிலிருந்துதான் விண்டோஸிலும் யூனிகோடைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறை இயல்பாக வந்தது.

இரண்டும் முழு அட்டவணை என்றால் மேட்சை விட்டுவிட்டு மெர்ஜ்(பாப், ரெயின், பை = "மாவட்டம்") என்று போகலாம், பாப் மக்கள்தொகை அட்டவணை, ரெயின் இங்கே மழை அட்டவணை, இரண்டிலும் அந்த நெடுவரிசைக்கு ஒரே பெயர் இருக்க வேண்டும். பொருந்தாத வரிகளை அது சொல்லாமல் கொள்ளாமல் உதறிவிடும். வேண்டுமென்றால் ஆல் = ட்ரூ சேர்க்க வேண்டும், இங்கே ட்ரூ பெரிய எழுத்து. வரிசையையும் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிடும், அதனால் மெர்ஜுக்குப் பிறகு பழைய வெக்டர் எதையும் இடத்தைப் பார்த்து ஒட்டாதீர்கள். இன்னொன்று, ஒரு பெயர் இந்தப் பக்கம் 2 தடவையும் அந்தப் பக்கம் 3 தடவையும் இருந்தால் விடையில் அது 6 வரியாக வரும். மெர்ஜுக்கு முன்னால் எனிடூப்ளிகேட்டடை (நடுவில் வரும் டி பெரிய எழுத்து) இரண்டு பக்கத்துப் பெயர்களிலும் ஓட்டிப் பாருங்கள், இரண்டிலும் 0 வந்தால் நிம்மதி. மெர்ஜுக்குப் பிறகு என்ரோ போட்டு வரியை எண்ணுங்கள். என் கணக்கில் முதல் தடவை 38-க்குப் பதில் 37 வந்தது, காணாமல் போனது அந்தக் கோயம்புத்தூர்தான்.